சிப்பி குடித்த பாசித் தண்ணீர்

சுனில்தாவின் அண்ணன் நொல்பெர்த்தோவுக்குக் கல்லீரலில் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று நகர மருத்துவமனையில் சொன்னபோது அவள் அழவில்லை. "அந்தக் கால்வாசிக்கு என்ன சாப்பாடு குடுக்கணும்?" என்று கேட்டாள்.

உப்பைக் குறைக்க வேண்டும், ஒயினை வாயில் வைக்கவே கூடாது என்றார் மருத்துவர். பிறகு, கெட்ட தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருகிற மஞ்சள் காமாலைக்கு ஒரு ஊசி இருக்கிறது, அதையும் போட்டுவிட வேண்டும் என்றார். "மத்தவங்களுக்கு அது வந்தா ஒரு மாசம் படுத்துட்டு எந்திரிச்சிடுவாங்க. இவருக்கு வந்தா எந்திரிக்க மாட்டாரு."

உப்பையும் ஒயினையும் சுனில்தா பார்த்துக்கொண்டாள். ஊசி மட்டும் தவறிப்போனது. இலையுதிர் காலத்தில் ஊசிக்காரர்கள் அவர்களுடைய கடற்கரை ஊரான பியெத்ரா ஓந்தாவுக்கு வந்த அன்று நொல்பெர்த்தோ யாருடைய படகு இன்ஜினையோ பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "அடுத்த தடவை போட்டுக்கறேன்" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

சுனில்தா அந்தக் கடற்கரையிலேயே பிறந்தவள். கோடையில் கடல் பின்வாங்கும்போது, நீண்ட கழியின் முனையில் அரிவாளைக் கட்டிக்கொண்டு பாறைகளில் இறங்கி, கொச்சாயூயோ என்கிற பழுப்புப் பாசியை அறுப்பாள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, தோல் பட்டை போல் கனத்து வழுக்குகிற பாசி அது. காயவைத்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஊரில் அதைக் குழம்பிலும் போடுவார்கள், சாலட்டிலும் போடுவார்கள். அலை இழுத்துவிடாமல் இடுப்பில் கயிறு கட்டியிருப்பாள். கல்யாணமான புதிதில் கயிற்றின் மறுமுனையைக் கணவன் பிடித்திருந்தான். அவன் வடக்கே சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, பாறையில் ஒரு இரும்பு முளையை அடித்து அதில் கட்டிக்கொண்டாள். "இது ஒழுங்கா நிக்குது" என்று சொல்வாள்.

அண்ணன் முக்குளிப்பவர். படகிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் போய்ச் சிப்பி எடுப்பார். முக்குளித்த காலம் முழுக்கக் குடித்தார். ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். சுனில்தா அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து அடுப்புக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தாள். அவர் கொண்டுவந்த ஒயினைப் பன்றித் தொட்டியில் கொட்டினாள். "பன்றி நல்லாக் குடிக்குது. உன்னைவிட அதுக்கு ஈரல் பெருசு" என்றாள்.

குளிர்காலங்களில் கடற்கரையில் அவளுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. அங்கேதான் ஃப்ரேசியா வந்து சேர்ந்தாள். கொன்செப்சியோன் பல்கலைக்கழகத்தில் சாப்பாட்டு வழியாகப் பரவும் கிருமிகளைப் பற்றி ஆராய்கிறவள். சுனில்தாவிடம் பாசியை வாங்கிக்கொண்டு போய்ச் சாறு எடுத்தாள். பிறகு அந்தச் சாற்றைக் கேன் கேனாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது.

"இது என்ன பண்ணும், டாக்டரம்மா?"

"கிருமி நம்ம குடல் சுவர்ல போய் ஒட்டினாத்தான் உள்ள நுழைய முடியும், சுனில்தாம்மா. இந்தப் பாசியோட வழவழப்புல இருக்கற ஒரு சர்க்கரை, முந்திக்கிட்டுப் போய்க் கிருமி மேல அப்பிக்குது. கிருமிக்கு ஒட்ட இடமில்லாம போயிடுது."

"அப்ப எங்க ஊரு வழவழப்பு மருந்தாயிடுச்சு."

"இன்னும் ஆகல. கண்ணாடித் தட்டுல நடக்குது. மேசையிலயும் கத்தியிலயும் கீரையிலயும் நடக்குதான்னு பாக்கத்தான் உங்க கடைக்கு வந்திருக்கேன்."

சுனில்தா ஒரு நாளும் தவறாமல் அந்தச் சாற்றால் மேசைகளைத் துடைத்தாள். வெட்டுப் பலகையைக் கழுவினாள். கொத்தமல்லியை அலசினாள். ஃப்ரேசியா மாதம் ஒருமுறை வந்து பஞ்சுக் குச்சியால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துப் போனாள். முடிவுகள் நன்றாக இருக்கின்றன என்றாள். உள்ளூர் வானொலிக்காரர்கள் வந்து சுனில்தாவைப் பேச வைத்தார்கள். "பாசி நோயைப் புடிச்சு வெச்சுக்கும்" என்று அவள் சொன்னதை ஊரே கேட்டது. மீனவர் சங்கத் தலைவரும் பழைய முக்குளிப்பவருமான எலியேசர் அதற்குப் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் வம்புக்கு இழுத்தார்.

"ஏ சுனில்தா, உன் கஷாயத்துல என் மாமியாரைக் கழுவலாமா?"

"கழுவலாம்யா. ஆனா மேசை அளவுக்குத்தான் சோதிச்சிருக்கு. உங்க மாமியாருக்கு ரெண்டு கேன் பிடிக்கும்."

அங்கே குளிர்காலமான ஜூன் கடைசியில், மீனவர்களின் புனிதரான பேதுருவுக்குத் திருவிழா. சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றி வந்த பிறகு, பெரிய அண்டாவில் பச்சைச் சிப்பியை எலுமிச்சைச் சாறு, வெங்காயம், கொத்தமல்லி போட்டுக் கலந்து எல்லாரும் சாப்பிடுவார்கள். வேகவைப்பது கிடையாது, எலுமிச்சையே வேகவைத்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. முதல் தட்டு, உயிரோடிருக்கும் முக்குளிப்பவர்களில் மூத்தவருக்கு. அவர் நின்றபடியே சாப்பிட்டு, தட்டின் அடியில் தேங்கிய சாற்றையும் குடித்து, தட்டைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அதுவரை மற்றவர்கள் கரண்டியைத் தொடுவதில்லை. அதுவரை மூத்தவராக இருந்த ரோசமேல் அந்த வருடக் கோடையில் இறந்துபோனார். அடுத்தவர் நொல்பெர்த்தோ. அவர் புதுச் சட்டை ஒன்று வாங்கிக் கதவில் தொங்கவிட்டிருந்தார்.

திருவிழா நெருங்கியபோது வானம் கறுத்து மழை கொட்டியது. கடல் எழும்பி எழும்பி அடித்தது. நல்ல சிப்பி கிடைக்கிற பின்பாறைக்கு ஒரு படகும் போக முடியவில்லை. சங்கத்தில் எல்லாரும் கூடினார்கள்.

"இந்தத் தடவை உருளைக்கிழங்கு சூப்பு போட்டுடலாம்" என்றார் எலியேசர். "பேதுரு மன்னிச்சுடுவாரு. அவரும் வலையில ஒண்ணும் விழாம உக்காந்தவர்தானே."

நொல்பெர்த்தோ வீட்டுக்கு வந்து சட்டையைக் கதவிலிருந்து எடுத்து மடித்து, பெட்டியின் அடியில் வைத்தார். சுனில்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய் எலியேசரிடம் சொன்னாள்: "சிப்பிக்கு நான் பொறுப்பு."

சிப்பி ஆற்று முகத்துவாரத்தில் இருந்தது. எப்போதும் இருப்பதுதான். மழை பெய்தால் அதை யாரும் தொடுவதில்லை. ஆற்றுக்கு மேலே மேட்டில், கோடையில் வந்து தங்குகிறவர்களுக்கென்று மரவீடுகள் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். மழைக்கு அவற்றின் கழிவுக் குழிகள் நிரம்பி வழியும். அந்த வருடம் வழிந்தது கண்ணுக்கே தெரிந்தது. மேட்டிலிருந்து ஒரு சாம்பல் நிற வாய்க்கால் இறங்கி ஆற்றில் கலந்தது. நாற்றம் காற்றோடு வந்தும் போயும் கொண்டிருந்தது. கடற்காகங்கள் அங்கே கூட்டமாக உட்கார்ந்திருந்தன. சுனில்தா சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினாள். சிப்பிகள் கொழுத்து இருந்தன. இவ்வளவு கொழுத்த சிப்பியை அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. சிப்பியில் மணல் இருந்தால் அந்த ஊரில் என்ன செய்வார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும்: சுத்தமான கடல் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவைப்பார்கள். சிப்பி வாய் திறந்து தண்ணீரைக் குடிக்கும், மணலைத் துப்பும். மணலைத் துப்புகிற சிப்பி நோயைத் துப்பாதா? கடல் தண்ணீரில் பாசிச் சாற்றைக் கலந்து வைத்தால், குடிக்கும்போது சாறு உள்ளே போகும், உள்ளே இருக்கிற கிருமி மேல் அப்பிக்கொள்ளும். டாக்டரம்மா சொன்னதும் ஊர் வழக்கமும் அவள் கணக்கில் அப்படியே பொருந்திப்போயின. தொட்டியில் கடல் தண்ணீரை நிரப்பி, இருந்த கேன்களையெல்லாம் அதில் ஊற்றினாள்.

சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. காலையில் வந்து பார்த்தபோது தண்ணீர் கலங்கியிருந்தது. அடியில் மெல்லிய சேறு. அழுக்கெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று சுனில்தா எடுத்துக்கொண்டாள்.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற செலிந்தா திருவிழாவன்று அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, பிள்ளைகளை எடை பார்ப்பது என்று அங்கே எல்லாம் அவள்தான்.

"அக்கா, சிப்பி எங்கருந்து?"

"பின்பாறை."

"இந்த அலையிலயா?"

"கயிறு கட்டிக்கிட்டுப் போனேன்."

சுனில்தாவும் அவள் கயிறும் ஊரறிந்த விஷயம். செலிந்தா நம்பினாள். "இருந்தாலும் உங்கண்ணனுக்கு மட்டும் வேக வெச்சுக் குடுத்துடுக்கா."

அதைக் கேட்டுக்கொண்டே வந்த நொல்பெர்த்தோ சிரித்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். "முதல் தட்டை வேக வெச்சுத் தின்னா, பேதுரு இறங்கி வந்து என்னைச் செருப்பால அடிப்பாரு. நீ வேணா அவருக்கு ஊசி போட்டு அனுப்பி வை, புள்ள."

ஊர் வட்டமாக நின்றது. நொல்பெர்த்தோ முதல் சிப்பியை வாயில் போட்டார். மென்றார். ஒரு கணம் தங்கையைப் பார்த்தார். பிறகு முழுத் தட்டையும் சாப்பிட்டு, சாற்றைக் குடித்து, தட்டைக் கவிழ்த்தார். கைதட்டினார்கள்.

இரண்டு நாள் போகவில்லை, வாந்தி தொடங்கியது. ஒரு வீடு விடாமல் வாளியும் கையுமாகக் கிடந்தார்கள். செலிந்தா வீடு வீடாகப் போனாள். கையில் தடவுகிற ஜெல் இந்தக் கிருமிக்கு ஆகாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், வாந்தி விழுந்த இடத்தில் குளோரினை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள், துடைத்த துணியை எரியுங்கள் என்று கத்திக்கொண்டே போனாள். சுனில்தாவும் வாந்தி எடுத்தாள். தன் வாளியை ஒரு கையில் வைத்துக்கொண்டே, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அண்ணனுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நொல்பெர்த்தோவும் எழுந்தார். எலியேசர் கடைக்கு வந்து, "மாமியாரைக் கழுவ வேண்டாம் சுனில்தா. கழுவினது என் குடலைத்தான்" என்றார். ஊர் சிரித்தது. கெட்டுப்போன பன்றி இறைச்சிதான் காரணம் என்று சுனில்தா சொன்னாள். சிலர் ஒயினைச் சொன்னார்கள்.

செலிந்தா சிரிக்கவில்லை. கடையின் பின்கதவு வழியாக வந்தாள்.

"அக்கா, இது சாக்கடையிலருந்து வர்ற கிருமி. வாந்திக் கிருமி முதல்ல வர்றவன். அதே தண்ணியில மஞ்சக் காமாலைக் கிருமியும் இருந்தா, அவன் அவசரப்பட மாட்டான். ஒரு மாசம் கழிச்சு வருவான். ரெண்டு வாரத்துக்குள்ள ஊசி போட்டா அவனைத் தடுக்கலாம். ஊசி என்கிட்ட இல்ல. டவுன்லருந்து வரணும், காரணம் கேப்பாங்க. ஆத்துச் சிப்பின்னா சொல்லிடு, இப்பவே போன் போடறேன். ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டேன்."

சுனில்தா பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பின்பாறைன்னு சொன்னேன்ல."

"உங்கண்ணனை நெனச்சுத்தான் கேக்கறேன்."

"எங்கண்ணனை எனக்குத் தெரியும்."

செலிந்தா போய்விட்டாள். ஃப்ரேசியாவின் எண் சுனில்தாவின் போனில் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவளே வருவாள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அண்ணன் நன்றாகத்தான் சாப்பிட்டார். அடுப்படியில் உட்கார்ந்து மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டு வானொலி கேட்டார். மழை விட்டு வெயிலும் அடித்தது. இரண்டு வாரம் அப்படியே ஓடிப்போனது.

ஃப்ரேசியா வந்தாள். கேன்கள் காலியாக இருப்பதைப் பார்த்து, இவ்வளவு மேசையா துடைத்தீர்கள் என்று கேட்டாள். சுனில்தா சொன்னாள். மணலில் ஆரம்பித்து, தொட்டியையும் கலங்கிய தண்ணீரையும் எல்லாம் சொன்னாள். ஆற்றை மட்டும் கடைசியில் சொன்னாள்.

ஃப்ரேசியா பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"சுனில்தாம்மா, மணல் சிப்பிக்குள்ள சும்மா கிடக்கற பொருள். துப்பிடும். இந்தக் கிருமி அதோட குடல்லயே புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். வாரக்கணக்கா நல்ல தண்ணியில போட்டாலும் போகாது. சாறு அங்க போய்ச் சேரவே சேராது. மேசைக்கு, கத்திக்கு, கீரைக்குன்னுதானே சொன்னேன்."

"உசிரோட இருக்கற சிப்பிக்கு ஆகாதுன்னு நீ சொல்லலையே."

"சொல்லல" என்றாள் ஃப்ரேசியா. "அப்படி யாராவது செய்வாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

சுனில்தா கைகளைத் துடைத்துக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஆறு என்ற ஒரு சொல்தான் சொன்னாள். செலிந்தா திட்டவில்லை, போனை எடுத்தாள். ஊசி வந்தது. ஊரில் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். எலியேசர் மாட்டேன் என்றார். நொல்பெர்த்தோவின் கையில் குத்தும்போது செலிந்தா, "நாள் தாண்டிடுச்சு. இருந்தாலும் போடறேன்" என்றாள். அவரிடம் சொல்லவில்லை, சுனில்தாவிடம்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு சுனில்தாவின் காலை, ஜன்னலருகில் தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது, பகல் வெளிச்சம் வேண்டும். அண்ணனை ஜன்னல் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால் விட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். "என்னடி, மீன் வாங்கறவ மாதிரி பாக்கற" என்பார் அவர். "கெட்டுப்போன மீனை எவ வாங்குவா?" என்பாள்.

முதலில் எலியேசருக்கு வந்தது. சிறுநீர் கடுந்தேநீர் போலப் போகிறது என்று அவர் மனைவி வந்து சொன்னாள். சுனில்தா அன்று கடை திறக்கவில்லை.

சில நாள் கழித்து நொல்பெர்த்தோ, மாத்தே கசக்கிறது என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மாத்தே கசப்பதற்காகவே குடிக்கிற மனிதர். சுனில்தா கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அவரை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இமையை இழுத்தாள். பிறகு விரலை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அது பின்பாறைச் சிப்பி இல்ல. ஆத்துச் சிப்பி."

"தெரியும்."

"செலிந்தா சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? பொழுதெல்லாம் அடியில கெடந்தவன் நான். பின்பாறைச் சிப்பி உப்பு. ஆத்துச் சிப்பி இனிக்கும். வாயில வெச்ச உடனே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் தின்ன?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்களே, புள்ள. நீயும் நின்ன."

மருத்துவமனையில் படுத்திருந்தவர் வசந்தம் வருவதற்குள் போய்விட்டார். கடைசி வாரம் தங்கையின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை. கல்லீரல் நின்றால் மூளையும் குழம்பும். சுனில்தா அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்தாள், பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். புண் வரவில்லை. புதுச் சட்டையிலேயே புதைத்தார்கள்.

சங்கக் கூட்டத்தில் அவளே எழுந்து ஆற்றைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கடைக்குக் கொஞ்சநாள் ஆள் வரவில்லை, பிறகு வந்தார்கள். மேட்டு வீடுகளின் குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஃப்ரேசியா மட்டும் தயங்கித் தயங்கி வந்து, சோதனையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

"மேசைக்கு ஆகுதா?"

"ஆகுதும்மா. கீரைக்கும் ஆகுது."

"அப்ப மேசையைத் துடைப்போம். கேனைக் குடு."

அடுத்த பேதுரு திருவிழாவுக்கும் மழை பெய்தது. அண்டாவுக்கு அடியில் சுனில்தா தீ மூட்டினாள். சிப்பிகள் எல்லாம் வாய் திறந்தன. அதற்குப் பிறகும் தீயை அணைக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். யாரோ முணுமுணுத்தார்கள். மேட்டிலிருந்து காற்று இறங்கியது, அதே நாற்றம்.

இப்போது மூத்த முக்குளிப்பவர் எலியேசர். கண்ணில் மஞ்சள் போய் வெகுநாள் ஆகியும் உடம்பு இன்னும் தேறவில்லை, சட்டை தொளதொளவென்று தொங்கியது. முதல் தட்டை வாங்கிக்கொண்டு நின்றார். ஊர் வட்டமாக நின்றது. அவர் ஒன்றை வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார்.

"சுனில்தா, ரப்பர் மாதிரி இருக்கு."

"மெல்லுய்யா" என்றாள் சுனில்தா.